அண்ணாச்சி வேண்டாமென்று தள்ளியவை

எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் இரண்டு சண்டைகள் ஓய்வதே இல்லை. ஒன்று வண்டி நிறுத்தும் இடம், இன்னொன்று குப்பை. யாராவது ஒருவர், ‘தயவுசெய்து மக்கும் குப்பை, மக்காத குப்பையைப் பிரித்துக் கொடுங்கள்’ என்று கைகூப்பும் படத்தோடு ஒரு செய்தி போடுவார். அடுத்த நிமிடமே மூன்றாவது மாடியிலிருந்து பதில் வந்துவிடும்: ‘பிரிச்சுக் கொடுத்து என்ன பிரயோஜனம்? எல்லாம் போய்ச் சேர்றது ஒரே மேட்டுலதானே?’ அப்புறம் ஒருவர் ஜப்பானில் குப்பையை எத்தனை விதமாகப் பிரிக்கிறார்கள் என்று காணொளி அனுப்புவார். இன்னொருவர் ‘நம்ம ஆளுங்க திருந்த மாட்டாங்க’ என்பார், அந்த ‘நம்ம ஆளுங்க’ளில் தன்னைச் சேர்க்காமல். நிர்வாகி எல்லோருக்கும் இரவு வணக்கம் சொல்லிக் கதவைச் சாத்துவார். அடுத்த மாதமும் இதே வரிசையில் இதே சண்டை.

மூன்றாவது மாடிக்காரரோடு எனக்கு வண்டி நிறுத்தும் விஷயத்தில் பழைய கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது, அது வேறு. ஆனால் அவருடைய ‘என்ன பிரயோஜனம்’ என்னை விடவே இல்லை. சோம்பேறித்தனத்துக்குச் சொல்லும் சாக்கு என்று ஒதுக்கிவிடலாம்தான். நாங்கள் இருக்கும் இடம் அப்படி ஒதுக்கவிடாது. வேளச்சேரியைத் தாண்டி, பள்ளிக்கரணைப் பக்கம் வீடு. காற்று திரும்பினால் பெருங்குடிக் குப்பைமேடு எங்கள் கூடத்துக்கு வந்துவிடும். 2022 ஏப்ரல் கடைசியில் அந்த மேடு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தபோது, சன்னல் இடுக்குகளில் ஈரத்துணியைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மேட்டை ஒட்டிக் கிடக்கும் சதுப்புநிலத்துக்கு, உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று சொல்லும் ராம்சர் தகுதி கிடைத்ததும் அதே வருஷம்தான். ஒரு பக்கம் பூநாரைகளைப் படம்பிடிக்க நீளமான லென்ஸோடு வருகிறவர்கள், மறுபக்கம் வரிசைகட்டி நிற்கும் குப்பை லாரிகள். இப்போது அந்த மேட்டை பயோமைனிங் என்ற பெயரில் தோண்டிச் சலிக்கிறார்கள். மண் தனி, கல் தனி, எரியக்கூடியது தனி. எரியக்கூடியதைச் சிமெண்ட் ஆலைகளின் சூளைக்கு அனுப்புகிறார்கள். மக்க வேண்டியதெல்லாம் எப்போதோ மக்கி மண்ணாகிவிட்டது. சல்லடையில் தொங்குவது எல்லாம் பை, கவர், உறை. அதில் எங்கள் வீட்டுப் பையும் இருக்கும், மூன்றாவது மாடியினுடையதும் இருக்கும்.

அதனால் இந்தக் கேள்வியை நேர்மையாகவே எடுத்துக்கொண்டேன். பிரித்துக் கொடுப்பதால் உண்மையிலேயே என்ன ஆகிறது? யாருக்கு ஆகிறது?

வண்டியில் தொங்கும் சாக்கு

காலையில் பேட்டரி வண்டி வரும்போது மேலிருந்து பையை இறக்கிவிட்டு உள்ளே போய்விடுவதுதான் எங்கள் வழக்கம். ஒருநாள் கீழே நின்று பார்த்தேன். வண்டியின் பின்பக்கம் கம்பியில் சாக்குகள் தொங்குகின்றன. ஒன்றில் ‘பெட்’ என்கிற பிளாஸ்டிக்கில் செய்த தண்ணீர் பாட்டில், ஒன்றில் அட்டை, இன்னொன்றில் இரும்பு, தகரம், தேய்ந்துபோன பிளாஸ்டிக் மக் என்று கலவை. வண்டியோடு வரும் அம்மா ஒவ்வொரு வீட்டுப் பையின் முடிச்சையும் அவிழ்த்து, கையை உள்ளே விட்டுத் துழாவி, விலைபோகிறதை எடுத்துச் சாக்கில் போடுகிறார். மிச்சத்தை வண்டியில் கொட்டுகிறார். ஒரு வீட்டுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த அரை நிமிஷத்தில் அவர் விரல்கள் நேற்றைய சாம்பார், டயப்பர், சவர பிளேடு, உடைந்த டம்ளர் எல்லாவற்றையும் தாண்டித்தான் பாட்டிலைத் தொடுகின்றன. கையுறை இருந்தது. ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் கிழிந்திருந்தது.

‘நாங்க பிரிச்சுக் குடுத்தா உங்களுக்கு ஏதாவது வித்தியாசம் இருக்காம்மா?’ என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ‘கையை உள்ள விட வேணாம்ல. அவ்ளோதான்’ என்றார். அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

மூன்றாவது மாடிக்காரர் கேட்ட கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான பதில் இருக்க முடியாது. எல்லாம் ஒரே மேட்டுக்குப் போகவில்லை. சாக்குகள் வேறு பாதையில் போகின்றன. அந்தச் சாக்கில் எவ்வளவு ஏறுகிறது என்பதை நாம் பையைக் கட்டுகிற விதம் முடிவு செய்கிறது. சாம்பார் ஊறிய அட்டையை யாரும் எடுக்க மாட்டார்கள். காய்ந்த அட்டையை யாரும் விட மாட்டார்கள். 2016 திடக்கழிவு விதிகளில் ஈரம், உலர், வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லி எழுதியிருந்தார்கள். நாப்கினையும் டயப்பரையும் தனியாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருந்தது. அதற்கு விளக்கவுரை எழுதச் சொன்னால் அந்த அம்மாவின் கையுறையைத்தான் எழுதுவேன். எங்கள் வீட்டில் அன்றிலிருந்து நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றி மேலே சிவப்புப் பேனாவால் வட்டம் போடுகிறோம். உடைந்த கண்ணாடியை அட்டைப்பெட்டியில் போட்டு ‘கண்ணாடி’ என்று எழுதி, பையில் போடாமல் கையில் கொடுக்கிறோம். இதில் சுற்றுச்சூழல் எதுவும் இல்லை, சாதாரண மரியாதைதான்.

ஆனால் என் கேள்வி அதோடு தீரவில்லை. அவர் விலைபோகிறதை எடுத்துக்கொண்டார். விலைபோகாதது?

எடைக்குப் போடும் இடம்

எங்கள் தெருமுனையில், தையல் கடைக்கும் மொபைல் ரீசார்ஜ் கடைக்கும் நடுவே ஒரு காயலான் கடை இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், சென்னைக்கு வந்து பல காலமாகிறது. எல்லோருக்கும் அண்ணாச்சி. கடை என்று சொல்கிறேனே தவிர, அவர் உட்கார ஒரு நாற்காலியும் எலக்ட்ரானிக் தராசும் தவிர மீதி இடமெல்லாம் சரக்குதான். பேப்பர் கட்டு கூரை வரை ஏறியிருக்கும். சுவரில் சாக்பீஸால் விலை எழுதியிருப்பார். செம்பு எல்லாவற்றுக்கும் மேலே. பித்தளை, அலுமினியம், இரும்பு என்று இறங்கி வரும். செய்தித்தாளுக்கு ஒரு விலை, பளபளப்பான வாரப்பத்திரிகைக்கு அதைவிடக் குறைவு, அட்டைக்கு இன்னும் குறைவு. வருஷக்கணக்காக அவரிடம் பேப்பர் போட்டிருக்கிறேன். பேப்பரைத் தவிர வேறெதுவும் போட்டதில்லை.

ஒரு பெரிய கட்டைப்பை நிறைய வீட்டு பிளாஸ்டிக்கைச் சேர்த்து, கழுவி, பால்கனியில் காயவைத்து, அவரிடம் கொண்டுபோனேன். காசுக்காக இல்லை, என்ன செய்கிறார் என்று பார்க்கத்தான். பையை அப்படியே தராசில் வைப்பார் என்று எதிர்பார்த்தேன். வைக்கவில்லை. தரையில் கொட்டி, குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கையிலெடுத்தார். பெட் பாட்டிலை லேசாக நசுக்கினார், ஓரமாகப் போட்டார். ஷாம்பு பாட்டிலை விரலால் சுண்டினார், இன்னொரு ஓரம். ஒரு டப்பாவின் மூடியை நகத்தால் கீறிப் பார்த்தார். கவர்களைக் காதருகே கொண்டுபோய்க் கசக்கினார். மெத்தென்று மடங்குகிறது ஒரு ஜாதி, சரசரவென்று சத்தம் போடுவது இன்னொன்று. பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் போட்டிருக்கும் எண்ணை அவர் பார்க்கவே இல்லை. ஒன்று என்றால் பெட், இரண்டும் நான்கும் பாலித்தீன் வகை, ஐந்து பாலிபுரோப்பிலீன் என்று முந்தின நாள்தான் படித்துவிட்டுப் போயிருந்தேன். அவருக்கு விரலும் காதும் போதுமாக இருந்தன.

முடித்தபோது தரையில் இரண்டு குவியல்கள். சின்னக் குவியலைத் தராசில் ஏற்றினார். பெரிய குவியலை என் பக்கம் தள்ளினார்.

‘இது எதுக்கும்மா கொண்டாந்தீங்க?’

‘இதுவும் பிளாஸ்டிக்தானே அண்ணாச்சி?’

‘பிளாஸ்டிக்தான். யாருக்கு வேணும்? எனக்கு மேல வாங்குறவன் இருந்தா நான் வாங்குவேன். அவன் வாங்கலன்னா நான் வச்சு என்ன பண்ண? மியூசியமா வைக்க?’

கழுவிக் காயவைத்த அந்தப் பெரிய குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை, காபித்தூள் சாஷே, ஷாம்பு சாஷே, அம்மாவின் மாத்திரை அட்டைகள், பேப்பர் கப், தெர்மக்கோல், ஜூஸ் டெட்ரா பாக்கெட், ஜவுளிக்கடையில் கொடுத்த துணிப்பை மாதிரியான பை. ஒவ்வொன்றையும் காட்டி ஏன் என்று கேட்டேன். கடையில் கூட்டமில்லாத நேரம், பொறுமையாகச் சொன்னார். சொன்னதில் பாதி அவருடையது, மீதி நான் பிறகு தேடிப் படித்தது.

சிப்ஸ் பாக்கெட் ஒரே பொருள் இல்லை. வெளியே அச்சடிக்க ஒரு பிளாஸ்டிக், நடுவில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய அலுமினியப் பூச்சு, உள்ளே சூட்டில் ஒட்டுவதற்கு வேறொரு பிளாஸ்டிக். எண்ணெய் சிக்கு அடிக்காமல், மொறுமொறுப்பு போகாமல் மாதக்கணக்கில் இருக்க இந்தக் கூட்டணி வேண்டும். கூட்டணியைப் பிரிப்பதற்கு ஆகும் செலவில் புதிதாகவே செய்துவிடலாம். மாத்திரை அட்டையும் அப்படித்தான், பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டியே பிறந்தவை. பேப்பர் கப்பில் காகிதத்தின் உள்பக்கம் பாலித்தீன் பூச்சு, இல்லாவிட்டால் டீ ஒழுகிவிடும். தெர்மக்கோலில் கிட்டத்தட்ட எல்லாமே காற்றுதான். ஒரு மினி லாரி நிறைய ஏற்றினாலும் டீசல் காசுக்கு எடை வராது. அந்தத் துணிப்பை துணியே இல்லை, அது நெய்யாத பாலிபுரோப்பிலீன். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்த 14 பொருள்களில் அதுவும் உண்டு. ஆனாலும் ஜவுளிக்கடைக்காரர் பெருமையோடுதான் கொடுத்தார்.

பால் கவரை அண்ணாச்சி வாங்கிக்கொண்டார். அது ஒரே பொருள், கெட்டியானது, எல்லா வீட்டிலும் தினமும் வருவது. ஆனால் அதிலும் ஒரு பாடம் எடுத்தார். கவரின் மூலையை நாம் கத்தரியால் வெட்டி எடுக்கிறோமே, அந்தச் சின்ன முக்கோணத் துண்டு, அது என்ன ஆகிறது என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். சிங்க்கில் விழுகிறது, சாக்கடைக்குப் போகிறது, இல்லாவிட்டால் காய்கறித் தோலோடு போகிறது. நகத்தளவு துண்டை யாரும் பொறுக்க மாட்டார்கள், எந்தச் சல்லடையிலும் நிற்காது. ‘முழுசா வெட்டாதீங்க. கொஞ்சம் தொங்க விடுங்க. கவரோட சேர்ந்து வந்துரும்’ என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கத்தரி முக்கால்வாசியில் நின்றுவிடுகிறது. பார்க்க அற்பமாக இருக்கும். தெருவில் எத்தனை வீடு, வீட்டுக்கு எத்தனை கவர் என்று கணக்குப் போட்டால் அற்பமாக இருக்காது.

மேலே வாங்குகிறவன்

‘எனக்கு மேல வாங்குறவன்’ யாரென்று பார்க்க ஆசையாக இருந்தது. அண்ணாச்சியின் சரக்கு போகிற கிடங்கு வடசென்னையில் இருக்கிறது. அவர் பேர் சொல்லிப் போய்ப் பார்த்தேன். அங்கே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பாட்டிலின் மூடியைத் திருகி, கழுத்தில் மாட்டியிருக்கும் வளையத்தைக் கத்தியால் நெம்பி, லேபிளைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். மூடி ஒரு பிளாஸ்டிக், பாட்டில் வேறு பிளாஸ்டிக், லேபிள் மூன்றாவது. கையில் தப்பியது எந்திரத்தில் தூளானாலும், கடைசியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. மூடித் துண்டுகள் தண்ணீரைவிட லேசானவை, சிவப்பும் நீலமுமாக மேலே மிதக்கின்றன. பெட் துண்டுகள் கனமானவை, அடியில் போய்ப் படிகின்றன. மேலே இருப்பதை வழித்து ஒரு பக்கம், அடியில் இருப்பதை அள்ளி ஒரு பக்கம். அவ்வளவு பெரிய தொழிலின் நடுவே இத்தனை எளிய ஒரு தந்திரம் உட்கார்ந்திருப்பது எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

அந்தத் துண்டுகள் பெரும்பாலும் பாலியஸ்டர் இழையாகின்றன. இழை நூலாகிறது, நூல் சட்டையாகிறது. தலையணைக்குள் அடைக்கும் பஞ்சாகவும் போகிறது. கரூர்ப் பக்கம் இதைப் பெரிய அளவில் செய்கிற ஆலைகள் இருக்கின்றன. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாட்டில் சட்டையான பிறகு அந்தச் சட்டையை அண்ணாச்சி வாங்க மாட்டார். அதாவது சுழற்சி என்று நாம் சொல்கிற வட்டம் பிளாஸ்டிக்கைப் பொறுத்தவரை பெரும்பாலும் முழு வட்டம் இல்லை. ஒருமுறை கீழிறங்கி அங்கேயே நின்றுவிடும் படி. காகிதமும் அப்படித்தான், ஒவ்வொரு முறை கூழாகும்போதும் நார் குட்டையாகிக்கொண்டே வரும், ஐந்தாறு தடவைக்கு மேல் தாங்காது. கண்ணாடியும் உலோகமும்தான் நிஜமாகவே திரும்பத் திரும்ப வருகின்றன. அலுமினியத்தைத் தாதுவிலிருந்து எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் சுமார் 5 சதவீதம் போதும், பழையதை உருக்குவதற்கு. அண்ணாச்சியின் சுவரில் அலுமினியம் ஏன் அவ்வளவு மேலே இருக்கிறது என்பது அதில் தெரிந்துவிடுகிறது. அந்தச் சாக்பீஸ் பட்டியல் வெறும் விலைப்பட்டியல் இல்லை. எது உண்மையிலேயே திரும்பிப் பிறக்கும், எது பிறக்காது என்பதன் வரிசை அது. பாட்டிலில் அச்சடித்திருக்கும் முக்கோண அம்புக்குறியைவிட அந்தச் சுவரை நான் நம்புகிறேன்.

இங்கேதான் என் எண்ணம் ஒரு இடத்தில் வந்து உட்கார்ந்தது. பச்சைக் கூடையா நீலக் கூடையா என்று நாம் சண்டை போடுவது கடைசிக் கட்டத்தைப் பற்றி. அண்ணாச்சி வேண்டாமென்று தள்ளிய குவியலின் தலையெழுத்து, அதை நான் மளிகைக்கடையில் கையிலெடுத்த அன்றே எழுதியாகிவிட்டது. அதைக் கழுவினாலும் காயவைத்தாலும் தங்கப் பெட்டியில் போட்டாலும் மாறாது. எனவே வீட்டில் செய்ய வேண்டிய வேலை இரண்டு. அண்ணாச்சி எடுப்பதைச் சுத்தமாகக் கொடுப்பது. அண்ணாச்சி எடுக்காததை முடிந்தவரை வாங்காமலிருப்பது. இரண்டாவதுதான் பெரிய வேலை, அதைப் பற்றித்தான் குழுவில் யாரும் பேசுவதில்லை.

ஒரு ரூபாய் உறை

அந்தக் குவியலில் எண்ணிக்கையில் அதிகம் சாஷேதான். இதில் நாம் வேறு ஊரைக் குறைசொல்ல முடியாது. சின்ன உறையில் அடைத்து விற்கும் யோசனைக்கு இந்தியாவில் வழிகாட்டியவர்களில் ஒருவர் கடலூர்க்காரரான சின்னிகிருஷ்ணன். பாட்டில் வாங்க வழியில்லாத கூலிக்காரரும் வாங்கும்படி பொருளைச் சின்னதாக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அவர் பிள்ளைகள் காலத்தில், 1980களில், வெல்வெட் ஷாம்புவும் சிக் ஷாம்புவும் கிராமத்துப் பெட்டிக்கடைகளில் சரமாகத் தொங்கின. அதைச் சின்ன சாதனை என்று சொல்ல மாட்டேன். ஷாம்பு என்பதே பணக்காரப் பொருளாக இருந்த காலம் அது.

எங்கள் வீட்டு வேலைக்கு உதவ வரும் அக்காவிடம் நான் ஒருநாள் ‘பெரிய பாட்டிலா வாங்கினா மிச்சம்தானே’ என்று ஆரம்பித்தேன். ‘மொத்தமா காசு இருந்தா நான் ஏன் தினம் தினம் வாங்கப் போறேன்?’ என்றார். பேச்சு முடிந்தது. சாஷேயை ஒழிக்க வேண்டும் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த வரிக்குப் பதில் வைத்துக்கொண்டு முழங்க வேண்டும். அக்கா விஷயத்தில் என்னிடம் பதில் இல்லாமலிருக்கலாம், என் விஷயத்தில் உண்டு. என்னால் பெரிய பாட்டில் வாங்க முடியும், நான் சாஷே வாங்குவது வெறும் வசதிக்காக. எனவே அந்த உபதேசம் எனக்குத்தான் பொருந்தும். அந்த உறைகளை அண்ணாச்சி ஏன் தொடுவதில்லை என்பதும் கணக்குதான். ஒரு கிலோ சேர ஆயிரம் உறையாவது பொறுக்க வேண்டும். தண்ணீர் பாட்டில் என்றால் ஐம்பது சொச்சம் போதும். குனிந்து எடுக்கிற முதுகுக்குக் கூலி கட்டுபடியாக வேண்டாமா?

கட்டுபடியாகும்படி செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே ஓர் உதாரணம் உண்டு, கொஞ்சம் சங்கடமான உதாரணம். நீலகிரியில் காட்டுக்குள் வீசும் மதுப்பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலில் ஏறுகின்றன என்று சென்னை உயர்நீதிமன்றத்தில் பேச்சு வந்து, 2022இல் அந்த மாவட்ட டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்க ஆரம்பித்தார்கள். காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும். பாட்டில்களில் பெரும்பாலானவை திரும்பி வந்துவிட்டன. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் திட்டம் போனது. குடித்தவர் யாரும் திடீரென்று இயற்கை ஆர்வலராகிவிடவில்லை. குடித்தவர் வீசினால் பொறுக்க இன்னொருவர் இருந்தார், அவ்வளவுதான். விழிப்புணர்வுப் பேரணிகளைவிட அந்தப் பத்து ரூபாய் அதிகம் சாதித்தது. எனக்குப் பேரணிகளின் மேல் கோபம் இல்லை. கோவில் வாசலில், பள்ளி வாசலில் மஞ்சப்பை கொடுப்பதும் நல்லதுதான், கோயம்பேட்டில் 10 ரூபாய் நாணயம் போட்டால் மஞ்சப்பை தரும் எந்திரத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவள்தான் நான். ஆனால் உறையைச் செய்து விற்பவருக்குச் செலவு வைக்காமல், வாங்குகிறவருக்கு மட்டும் உபதேசம் வைக்கிற ஏற்பாடு நெடுநாள் ஓடாது.

அடுக்களைப் பக்கம்

இத்தனை நேரம் பிளாஸ்டிக் பற்றியே பேசிவிட்டேன். எடை போட்டுப் பார்த்தால் எங்கள் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் அடுக்களையில் விழுவதுதான். கீரைத்தண்டு, வாழைப்பூ மடல், முருங்கைக்காய்ச் சக்கை, டீத்தூள், வடித்த காபித்தூள். அதைப் பையில் கட்டி மேட்டுக்கு அனுப்பினால், காற்றுப் போகாமல் அடியில் அழுகி மீத்தேன் ஆகிறது. குப்பைமேடுகள் தானாகப் பற்றிக்கொள்வதற்கு அந்த வாயுவும் ஒரு காரணம். 2022இல் என் சன்னலில் ஈரத்துணி செருக வைத்த புகையில் என் வீட்டு முருங்கைச் சக்கைக்கும் பங்கு இருந்திருக்கும்.

அதனால் பால்கனியில் துளைபோட்ட மண்தொட்டிகளை அடுக்கியிருக்கிறேன். மேலே போட்டுக்கொண்டே வர வேண்டும், நிரம்பியதும் கீழே மாற்ற வேண்டும். இதில் ரகசியம் என்று ஒன்றும் இல்லை. ஈரமானது எவ்வளவு போடுகிறோமோ அதற்கு ஈடாகக் காய்ந்தது போட வேண்டும். தெருவில் வேப்பஞ்சருகுக்குப் பஞ்சமில்லை. தென்னைநார்த் தூள் கடையில் கிடைக்கிறது. சருகு குறைந்தால் நாறும், கூடினால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். கொஞ்சம் புளித்த மோர் தெளித்தால் வேகம் பிடிக்கும். மழைக்காலத்தில் புழு வைக்கும். பழுப்பாக, தட்டையாக, நெளியும்போது சத்தம்கூடக் கேட்கும். என் மகள் ஒரு வாரம் பால்கனிப் பக்கமே வரவில்லை. அது வீட்டு ஈயின் புழு இல்லை. கறுப்பாக, குளவி மாதிரி நீளமாக இருக்கும் வேறொரு ஈயினுடையது. சாப்பாட்டுத் தட்டில் வந்து உட்காராத ஈ. நாம் மாதக்கணக்கில் செய்கிற வேலையை அது வாரக்கணக்கில் முடித்துவிடும். இதைச் சொல்லி மகளைச் சமாதானப்படுத்த முடியவில்லை, சருகை அள்ளிப் போட்டு மூடியதும் சமாதானமானாள். தேங்காய் ஓடும் மாங்கொட்டையும் மட்டும் எந்தப் புழுவுக்கும் மசியவில்லை. அவை இன்னும் வண்டிக்குத்தான் போகின்றன.

ஈரம் வெளியேறிவிட்டதும் வீட்டில் நடந்த மாற்றம் நான் எதிர்பார்க்காதது. மிச்சக் குப்பை நாறவில்லை. நாறாததால் தினமும் கொடுக்க வேண்டிய அவசரம் இல்லை. அவசரம் இல்லாததால் அட்டை, பாட்டில், கவர் எல்லாம் காய்ந்தபடியே சேர்கின்றன. மாதத்துக்கு ஒருமுறை அண்ணாச்சியிடம் போனால் போதும். உலர் குப்பையைக் காப்பாற்றுவதற்கு ஒரே வழி ஈரக் குப்பையை வீட்டைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் என்று இப்போது யாரிடமும் அடித்துச் சொல்வேன்.

அண்ணாச்சி எடுக்காதவற்றின் பட்டியலைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். மளிகைச் சீட்டு எழுதும்போது அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதுவது பழக்கமாகிவிட்டது. காபித்தூள் இப்போது அரைக்கும் கடையிலிருந்து நேராக எவர்சில்வர் டப்பாவுக்கு. ஷாம்பு சாஷே போயாயிற்று. சிப்ஸ்தான் கஷ்டமாக இருந்தது, என் கணவருக்கு மாலையில் அது இல்லாமல் முடியாது. கடைசியில் நேந்திரங்காய் சிப்ஸ் சுடச்சுடப் போடும் கடைக்கு டப்பாவோடு அனுப்பினேன். முதல் நாள் கடைப்பையன், ‘டப்பா வெயிட்டுக்கும் சேர்த்து காசு குடுப்பீங்களா சார்?’ என்று கேட்டிருக்கிறான். டப்பாவை முதலில் தராசில் வைத்து சைபர் ஆக்கும் பொத்தான் இருக்கிறது என்று இவர் காட்டிக் கொடுத்தாராம். இப்போது இவர் தெருவில் திரும்பும்போதே பையன் பொத்தானை அழுத்திவிடுகிறான். ஒரே குறை, பாக்கெட்டில் அளவாகச் சாப்பிட்டவர் டப்பாவில் அளவில்லாமல் சாப்பிடுகிறார். அதற்கு மருத்துவரிடம் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பட்டியலில் இன்னும் அசையாமல் நிற்பவை சில உண்டு. அம்மாவின் மாத்திரை அட்டைகளை என்ன செய்தும் குறைக்க முடியாது, குறைக்கவும் கூடாது. பழைய துணிக்கு முன்பெல்லாம் பாத்திரக்காரர் வருவார், சேலைகளுக்கு ஒரு எவர்சில்வர் கிண்ணம் தருவார். இப்போது வருகிறவர் பாலியஸ்டரைத் தொட்டுப் பார்த்ததுமே திருப்பிக் கொடுத்துவிடுகிறார். அப்புறம் மகளுடைய கூரியர்கள். போன வாரம் ஒரு லிப்ஸ்டிக் வந்தது, செருப்புப் பெட்டி அளவு அட்டைப்பெட்டியில், சுற்றிலும் காற்றடைத்த பைகளோடு. அட்டையை அண்ணாச்சி எடுத்துக்கொண்டார். காற்றுப் பைகளைப் பார்த்துச் சிரித்தார். கடைக்குப் போய் வாங்கினால் இந்த நிறம் கிடைக்காது என்கிறாள் மகள். எந்த நிறம் என்று நானும் கேட்டுவிட்டேன், அவளும் காட்டிவிட்டாள். பேச்சுவார்த்தை இப்போது அந்தக் கட்டத்தில் இருக்கிறது.